அஜந்தாவுக்கு முதல்முறை போகிறீர்களா? கிழமை, டிக்கெட், செலவு, எந்தக் குகையில் எவ்வளவு நேரம்

அஜந்தா போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "உள்ளே ஒரே இருட்டு, ஒண்ணும் சரியாத் தெரியல." அவர்கள் பொய் சொல்லவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் களைத்துப்போய் உள்ளே நுழைந்து, கூட்டத்தோடு ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். இந்தியாவில் மிஞ்சியிருக்கும் பழைய ஓவியங்களில் மிகச் சிறந்தவை அங்கேதான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமலே திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

அஜந்தா பயணத்தில் பணத்தைவிட நேரம்தான் போதாமல் போகும். கீழே உள்ள எல்லாமே நேரத்தை மிச்சம் பிடித்து, அதை நான்கைந்து குகைகளில் செலவழிப்பதற்கான வழிகள்தான். வரலாற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அது எங்கேயும் கிடைக்கும்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பலரும் இதோடு சேர்த்துப் பார்க்கும் எல்லோரா குகைகளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இந்த இரண்டையும் காலண்டரில் அடித்து வைத்துவிடுங்கள்.

வார இறுதியோடு ஒரு நாள் லீவு சேர்த்துப் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். சனிக்கிழமை வந்து இறங்கி, ஞாயிறு எல்லோராவுக்கும் திங்கள் அஜந்தாவுக்கும் என்று திட்டம் போட்டால் அஜந்தா கதவு சாத்தியிருக்கும். எனக்கு ஒரு பயண ஏஜென்சி அனுப்பிய அட்டவணையிலேயே அஜந்தா திங்கட்கிழமையில்தான் இருந்தது. அதனால் ஏஜென்சி மூலம் போனாலும் கிழமையை நீங்களே சரிபாருங்கள்.

புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாட்கள்தான் நல்லவை. இரண்டு இடமும் திறந்திருக்கும், கூட்டமும் குறைவு. திங்கட்கிழமை ஊரில் மாட்டிக்கொண்டால் அன்று எல்லோரா போகலாம்.

மாதம் என்று பார்த்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உடம்புக்கு நல்லது. ஏப்ரல், மே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், கருங்கல் பாறை முழுக்கச் சூடேறிக் கிடக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மலை பச்சைப்பசேல் என்று இருக்கும், அருவி விழும். ஆனால் படிகள் வழுக்கும், மேகமூட்டத்தில் குகைக்குள் வெளிச்சம் இன்னும் குறையும். அருவிக்காகப் போகிறவர்களுக்கு அது சரி. ஓவியத்துக்காகப் போகிறவர்கள் குளிர்காலத்தில் போங்கள். டிசம்பர் கடைசி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

2. எந்த ஊரில் இறங்குவது

இரண்டு வழி இருக்கிறது. ஔரங்காபாத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஜள்காவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்.

எல்லோரும் ஔரங்காபாத் என்றுதான் யோசிப்பார்கள். எல்லோரா, ஔரங்காபாத் குகைகள் எல்லாம் அந்தப் பக்கம் இருப்பதால் அது இயல்புதான். ஆனால் சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு ஜள்காவ் சுலபம். சென்னை சென்ட்ரலிலிருந்து அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு, ஜள்காவில் நிற்கும், வண்டி மாற வேண்டியதில்லை. பயணம் ஏறத்தாழ ஒரு முழு நாள். ஜள்காவில் இறங்கி அஜந்தாவைப் பார்த்துவிட்டு, அப்படியே தெற்கே ஔரங்காபாத் போய் எல்லோராவையும் முடித்துக்கொண்டு திரும்பினால், போன வழியிலேயே வர வேண்டிய வேலை இல்லை. ஹைதராபாத்தில் உறவினர் இருந்தால் அங்கே தங்கிவிட்டு, அஜந்தா எக்ஸ்பிரஸில் ஓர் இரவில் ஔரங்காபாத் சேர்ந்துவிடலாம்.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் திறக்கும். பள்ளி விடுமுறை நாட்களாக இருந்தால் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். ஔரங்காபாத் 2023-இல் சத்ரபதி சம்பாஜிநகர் ஆகிவிட்டது. ரயில், விமானம், ஓட்டல் தளங்களில் ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் இன்னொரு பெயரில் தேடுங்கள். பீகாரிலும் ஓர் ஔரங்காபாத் இருக்கிறது. ஓட்டல் பதிவு செய்யும்போது மகாராஷ்டிரம்தானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. எங்கே தங்குவது

குகைகளுக்கு மிக அருகில் உள்ள ஊர் ஃபர்தாபூர். மகாராஷ்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி அங்கே இருக்கிறது. சில தனியார் விடுதிகளும் உண்டு. வசதி சுமார்தான், மாலையில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆனாலும் முந்தின இரவு இங்கே தங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஔரங்காபாத்திலிருந்து கிளம்பினால் சாலையில் இரண்டரை மூன்று மணி நேரம் போய்விடும். காலை ஒன்பதுக்கு வாசலில் நிற்க வேண்டும் என்றால் இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருக்கும். ஃபர்தாபூரில் தங்கினால் இட்லி கிடைக்காதே தவிர, நிதானமாகக் குளித்துவிட்டுக் கிளம்பி முதல் ஆளாக உள்ளே போகலாம்.

ஒரு எச்சரிக்கை. அஜிந்தா என்று ஒரு ஊர் இருக்கிறது. குகைக்கு அந்தப் பெயர்தான், ஆனால் குகை அந்த ஊரில் இல்லை. ஔரங்காபாத்திலிருந்து வரும்போது முதலில் அஜிந்தா ஊர் வரும். அதன்பின் மலைச்சாலையில் இறங்கினால்தான் குகைக்குப் பிரியும் டி-பாயின்ட். பெயர்ப்பலகையைப் பார்த்து ஊரிலேயே இறங்கிவிடாதீர்கள். நடத்துநரிடம் ஏறும்போதே "அஜந்தா லேணி, டி-பாயின்ட்" என்று சொல்லிவிடுங்கள். லேணி என்றால்தான் அங்கே குகை என்று புரியும்.

ஔரங்காபாத் பேருந்து நிலையத்தில் ஜள்காவ் போகும் அரசுப் பேருந்தில் ஏறினால் போதும். பலகைகள் பெரும்பாலும் தேவநாகரியில்தான் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் விசாரணைக் கவுண்டரில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் கார் எடுப்பார்கள். நான் விசாரித்தபோது ஔரங்காபாத்திலிருந்து போய்த் திரும்ப 3,000 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். பேசும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: சுங்கம் சேர்த்தா, ஓட்டுநர் பேட்டா சேர்த்தா, எத்தனை கிலோமீட்டர் வரை, எத்தனை மணி நேரம் வரை. ஒரே நாளில் அஜந்தா, எல்லோரா இரண்டையும் காட்டிவிடுகிறேன் என்று சொல்கிறவரிடம் வண்டி எடுக்காதீர்கள். இரண்டும் ஊருக்கு வேறு வேறு திசையில் இருக்கின்றன. நாள் முழுக்க வண்டியில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

4. ஆவணங்கள், டிக்கெட்

இந்தியக் குடிமக்களுக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய். இந்தியத் தொல்லியல் துறையின் டிக்கெட்டை இணையத்தில் எடுத்தால் 5 ரூபாய் குறையும். ஐந்து ரூபாய் பெரிதில்லை, ஆனால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். மலையடிவாரத்தில் கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம். முந்தின இரவே எடுத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். வயது எல்லையை ஒட்டி இருக்கும் பிள்ளைக்கு ஆதார் எடுத்துப் போங்கள். பெரியவர்களும் ஒரு அசல் அடையாள அட்டை வைத்திருங்கள், விடுதியில் எப்படியும் கேட்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். வெளிநாட்டவர்க்கு 600 ரூபாய். ஆனால் சார்க், பிம்ஸ்டெக் என்ற அண்டை நாட்டுக் கூட்டமைப்புகளைச் சேர்ந்த நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியர்களுக்கான அதே 40 ரூபாய்தான். இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தால் அதைக் காட்டி 40 ரூபாய்க்குக் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர் முதலில் 600 என்று சொன்னாலும், கட்டணப் பலகையைக் காட்டி அமைதியாகக் கேட்டால் போதும். ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) உள்ளவர்களுக்கும் இந்தியக் கட்டணம்தான். அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, கனடா கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 600.

வெளிநாட்டுக் குடிமக்கள் அறை எடுக்கும்போது, அந்த விடுதி வெளிநாட்டவரைச் சேர்க்குமா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள். விடுதிக்காரர் உங்கள் விவரங்களை அரசுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத சிறிய விடுதிகள், பதிவை ஏற்றுக்கொண்ட பிறகும் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடும்.

கைபேசியிலோ சாதாரணக் கேமராவிலோ படம் எடுக்கத் தனிக் கட்டணம் இல்லை. வீடியோ கேமராவுக்கு 25 ரூபாய். ஃபிளாஷ் கூடவே கூடாது. முக்காலிக்கு முன்னனுமதி வேண்டும், அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது.

5. டி-பாயின்டிலிருந்து வாசல் வரை

உங்கள் வண்டி டி-பாயின்டோடு நின்றுவிடும். குகை அங்கிருந்து சுமார் 4 கிலோமீட்டர். வண்டிப் புகை ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் அதற்கு மேல் தனியார் வண்டிகளை விடுவதில்லை. வண்டி நிறுத்தக் கட்டணம், ஆளுக்கு ஒரு சிறிய வசதிக் கட்டணம், அப்புறம் குகை வரை போகும் அரசுப் பேருந்தின் கட்டணம் என்று மூன்று இடத்தில் சில்லறை தேவைப்படும். 500 ரூபாய் நோட்டோடு நிற்காதீர்கள். பத்தும் இருபதுமாக ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டி-பாயின்டில் ஒரு கடைத்தெருவைத் தாண்டித்தான் பேருந்துக்குப் போக முடியும். அங்கே ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து பெயர் கேட்பார், சின்னப் படிகக்கல் ஒன்றைக் கையில் வைத்து "பரிசு" என்பார், தன் கடை எண்ணைச் சொல்வார். மாலையில் நீங்கள் திரும்பும்போது அவர் காத்திருப்பார். வாங்கும் எண்ணம் இல்லை என்றால் கல்லைக் கையில் வாங்காமலே நகர்ந்துவிடுங்கள். அவர்களுக்கும் அது பிழைப்பு, கடுமையாகப் பேச வேண்டியதில்லை.

பேருந்து இறக்கிவிடும் இடத்தில் உணவகமும் கழிப்பறையும் இருக்கின்றன. இரண்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். முதல் குகை வரை படி ஏற்றம், அதன்பின் பாறையை ஒட்டிய பாதையில் ஆங்காங்கே ஏற்ற இறக்கம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் டோலியில் போகலாம். நான்கு பேர் நாற்காலியில் தூக்கிச் செல்வார்கள். கட்டணத்தை ஏறுவதற்கு முன்பே பேசுங்கள். எந்தக் குகை வரை, எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், திரும்புவதும் சேர்த்தா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

ஓவியக் குகைகளில் செருப்பைக் கழற்ற வேண்டும். கயிறு கட்டும் ஷூ போட்டுப் போனால் நாள் முழுக்கக் குனிந்து நிமிர வேண்டும். மாட்டிக் கழற்றும் செருப்பும், பையில் ஒரு ஜோடி சாக்ஸும் போதும்.

6. உள்ளே: முப்பதையும் பார்க்காதீர்கள்

குகைகளுக்கு 1 முதல் 29 வரை எண் போட்டிருக்கிறார்கள், நடுவில் 15ஏ என்று ஒன்று, ஆக முப்பது. நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. எண் வரிசைப்படி எல்லாவற்றிலும் ஏறி இறங்கினால், பன்னிரண்டாம் குகை வரும்போதே கால் சொன்னபடி கேட்காது. அதற்கப்புறம்தான் 16, 17, 19, 26 இருக்கின்றன. என் பட்டியல் இதுதான்: 1, 2, 10, 16, 17, 19, 24, 26. மற்றவற்றை வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதும்.

ஒன்பது மணிக்கே வந்துவிட்டால் 1, 2 இரண்டையும் முதலில் பாருங்கள். பதினொன்றுக்கு மேல் வந்தீர்கள் என்றால் நேராகக் கடைசிக்கு, 26-க்குப் போய், பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். கூட்டம் முழுக்க முதல் இரண்டு குகைகளில்தான் வரிசை கட்டி நிற்கும். உள்ளே ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று நிறுத்தி நிறுத்தி அனுப்புவார்கள்.

இப்போது அந்த இருட்டுப் பிரச்சினை. வெளியே வெயிலில் நின்ற கண்ணுக்குக் குகை இருட்டாகத்தான் தெரியும். உள்ளே போனதும் ஒரு தூண் ஓரமாக நின்று, வாசல் பக்கம் திரும்பாமல், கைபேசித் திரையைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் பொறுங்கள். முதலில் உருவங்களின் விளிம்பு தெரியும், அப்புறம் சிவப்பு, கடைசியாகப் பச்சையும் நீலமும். ஒவ்வொரு தடவையும் திரையைத் திறந்தால் கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். படம் எடுப்பதைக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு வையுங்கள். கைபேசி டார்ச்சைச் சுவரில் அடிக்காதீர்கள், அது ஓவியத்துக்குக் கேடு.

குகை 1: உட்கார்ந்திருக்கும் புத்தர் சன்னதிக்கு இரு பக்கமும் இரண்டு போதிசத்துவர்கள், அதாவது புத்தநிலையை நோக்கிப் போகிறவர்கள். உங்கள் இடப்பக்கம் இருப்பவர் பத்மபாணி. எல்லோரும் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் வலக்கையைப் பாருங்கள். நீலத் தாமரையின் தண்டை இறுகப் பிடிக்காமல், விரல்களுக்கு நடுவே சும்மா தாங்கியிருக்கிறார். கழுத்து முத்துமாலையைக் கவனியுங்கள், ஒவ்வொரு முத்திலும் ஒளி பட்டுத் தெறிக்கிறது. தாழ்ந்த அந்தக் கண்கள் எதிரே நிற்பவரைப் பார்க்கவில்லை. அந்தப் பார்வையின் முன் எவ்வளவு நேரம் நின்றாலும் எனக்குப் போதவில்லை. வெளியே வருமுன் தூண் தலைப்புகளில் ஒன்றில் நான்கு மான்கள் ஒரே தலையைப் பகிர்ந்திருக்கும் சிற்பத்தைத் தேடுங்கள். எந்த உடலோடு சேர்த்துப் பார்த்தாலும் அந்தத் தலை பொருந்தும்.

குகை 2: இங்கே கூரைதான் முக்கியம், கழுத்து வலிக்கும். அன்னங்கள் வட்டமாகச் சுற்றிவரும் பகுதி ஒன்று இருக்கிறது. ஓர் அன்னத்தின் நிலை இன்னொன்றில் திரும்ப வராது. வலப்பக்கச் சின்னச் சன்னதியில் குழந்தைகளைக் காக்கும் ஹாரிதியும் அவள் கணவர் பாஞ்சிகரும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டுப் பீடத்தின் அடியில் குனிந்து பாருங்கள். ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. வாத்தியார் கையில் பிரம்பு, முன்வரிசைப் பிள்ளைகள் ஒழுங்காகப் பாடம் படிக்க, பின்னால் இருப்பவை விளையாடுகின்றன. வழிகாட்டிகள் பலர் இதைக் காட்டுவதில்லை.

குகை 10: கி.மு. காலத்தைச் சேர்ந்த சைத்தியம், அதாவது வழிபாட்டு மண்டபம். மரக்கட்டடத்தின் கூரையைப் போலப் பாறையில் குடைந்த வளைவுக் கூரை, உள்ளே தூபி. 1819-இல் புலி வேட்டைக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் இங்கே தூணில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். இன்று அது தலைக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, அன்று தரை அந்த அளவுக்கு மண் மூடிக் கிடந்திருக்கிறது. அவருக்குப் பிறகு கீறியவர்களின் பெயர்களும் அங்கே உண்டு, நம் காலத்தவர்கள் உட்பட. இப்போது அப்படிச் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஓவியங்களின் மேல் ஒரு மஞ்சள் பூச்சு தெரிந்தால் அது பழைய வண்ணம் இல்லை. நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1920-களின் தொடக்கத்தில், பாதுகாக்கிறோம் என்று பூசிய அரக்கு வார்னிஷ், நாளடைவில் மஞ்சளித்துவிட்டது. அதை நீக்கிய இடங்களில் வண்ணம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பக்கத்திலேயே ஒப்பிடலாம்.

குகை 16, 17: 17-க்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓவியம் அதிகம் மிஞ்சியிருப்பது இங்கேதான். இடச் சுவரில், எதையும் தானம் செய்துவிடும் இளவரசன் வெசந்தரன் கதை. வலச் சுவர் முழுக்க வணிகன் சிம்மளன் கதை: கடலில் கப்பல் உடைவது, அரக்கிகள் வாழும் தீவு, கடைசியில் யானைகளோடு படை இலங்கையில் இறங்குவது. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் இந்தச் சுவரை அவசரமாகக் கடக்க வேண்டாம். கதைகள் இடமிருந்து வலமாக வரிசையாகப் போகாது. அரண்மனை, காடு, கடல் என்று இடம் இடமாகத்தான் தொகுத்திருக்கிறார்கள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் வெசந்தரன், ஆறு தந்தங்கள் கொண்ட யானை இரண்டையும் வருமுன் படித்து வந்தால் பெரிய உதவி.

குகை 19: முகப்புக்கு எதிரே இடப்பக்கம் நாகராசாவும் ராணியும்.

குகை 24 முடிவடையாத குகை, அதனால் பலரும் நுழைவதே இல்லை. குடைவரையை எப்படிக் குடைந்தார்கள் என்று தெரிய வேண்டும் என்றால் இதுதான் இடம். பாதி வெட்டிய தூண்களும் உளித் தடங்களும் அப்படியே நிற்கின்றன. மேலிருந்து கீழாக வெட்டியிருக்கிறார்கள். கூரை முதலில், தரை கடைசியில். சாரம் கட்ட வேண்டிய தேவையே அப்படி இல்லாமல் போனது. வேலை நடுவில் நின்றுபோன இந்தக் குகையில் பத்து நிமிடம் இருந்துவிட்டு அடுத்ததில் நுழைந்தால், முடித்த தூண்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

குகை 26: இடப்பக்க வழியில் திரும்பியதும் சுமார் 7 மீட்டர் நீளத்தில் புத்தர் இறுதித் தருணத்தில் கண் மூடிப் படுத்திருக்கிறார். கீழே அழும் சீடர்கள், மேலே தேவர்கள். அதே சுவரில் இன்னும் உள்ளே, புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படை.

7. வழிகாட்டி தேவையா

1, 2, 17-க்கு வழிகாட்டி இருந்தால் நல்லது. அரசு உரிமம் பெற்றவர்கள் டிக்கெட் கவுண்டர் பக்கம் இருப்பார்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம், இந்தி, மராத்தி பேசுவார்கள், தமிழை எதிர்பார்க்காதீர்கள். கட்டணத்தோடு எத்தனை குகை, எவ்வளவு நேரம் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். "இங்கே கொஞ்சம் நிற்கிறோம், நீங்கள் வெளியே இருங்கள்" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

8. திரும்பும்போது

நான்கரைக்குள் கீழே இறங்கிவிடுங்கள். ஐந்து மணிக்குக் குகைகளை மூடியதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் டி-பாயின்ட் பேருந்துக்கு வரிசை கட்டும். கால் தெம்பு இருந்தால் மூன்றரை வாக்கில் ஆற்றைக் கடந்து எதிர் மலையின் காட்சிமுனைக்கு ஏறலாம். குதிரை லாட வடிவில் வளையும் வாகோரா ஆற்றின் மேல் குகைகள் வரிசையாக நிற்பது அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். தண்ணீர் பாட்டிலை வெளியே தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பறிக்கும்.

அன்றே ஜள்காவில் இரவு ரயில் பிடிப்பவர்கள் சாலைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் எல்லோரா என்றால், ஔரங்காபாத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்கே 34 குகைகளில் 1 முதல் 12 வரை பௌத்தம். எல்லோரும் நேராகக் கைலாசநாதர் கோயிலுக்கு, அதாவது 16-க்கு ஓடுவார்கள். நீங்கள் காலையில் 10, 12 இரண்டையும் முடித்துவிட்டு அங்கே வாருங்கள். இரண்டாவது நாளும் நேரம் மிஞ்சினால் ஔரங்காபாத் நகரை ஒட்டிய மலையில், பீபி கா மக்பரா என்ற முகலாயர் காலக் கல்லறை மாளிகைக்குப் பின்னால் உள்ள பௌத்தக் குகைகளுக்கு ஓர் ஆட்டோ எடுங்கள்; ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள், மேலே திரும்ப வண்டி கிடைக்காது. ஏழாம் குகையில் நடனமாடும் பெண்ணும் இசைக்கருவி வாசிக்கும் பெண்களும் செதுக்கிய தொகுதி இருக்கிறது. அங்கே பெரும்பாலும் கூட்டமே இருக்காது.